தேவைக்கேற்ற மடிக்கணினி: எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

பிள்ளைக்கு உயர்கல்விக் கூடத்தில் இடம் கிடைத்துவிட்டது என்னும் மகிழ்ச்சி அடங்கு முன்னரே, தோட்டப்புற வீடுகளில் ஒரு செலவு வந்து நிற்கிறது. அதுதான் மடிக்கணினி வாங்கும் செலவு. பாடக் குறிப்புகளும், இடுபணிகளும், விரிவுரையாளரின் அறிவிப்புகளும் பெரும்பாலும் கணினி வழியாகவே நடைபெறும் காலம் இது. கைப்பேசியைக் கொண்டே நான்காண்டுப் படிப்பையும் ஒப்பேற்றிவிடலாம் என்று எண்ணுவது நடவாத காரியம். நம் நாட்டில் 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அக்கணக்குப்படி 3,400 வெள்ளிக்கு ஒரு மடிக்கணினி வாங்கினால், குடும்பத்தில் ஒருவர் இரண்டு மாதம் விடியுமுன் எழுந்து பால் வெட்டிய முழு ஊதியமும் அந்த ஒரு பொருளுக்கே போய்விடும். அப்பணத்தில் 500 வெள்ளி வீணாகப் போனாலும் அது சிறு தொகையன்று. ஆகவே, வாங்குமுன் எதைக் கேட்டு வாங்குவது, எதை வேண்டாமென்று விடுவது என்பதை நாம் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

கடைக்குப் போய் அடுக்கில் இருப்பதை எடுத்து வருவது ஒரு முறை. இஃது ஆயத்த ஆடை வாங்குவதைப் போன்றது. தையற்காரரிடம் அளவு கொடுத்துச் சட்டை தைப்பதைப் போல, உறுப்பு உறுப்பாகத் தேர்ந்து மடிக்கணினிக்கு உத்தரவு கொடுப்பது மற்றொரு முறை. இரண்டாம் முறையைப் பெரிய அளவில் வாணிபமாக்கியவர்களுள் முதன்மையானவர் மைக்கேல் டெல் என்பவர். அவர் 1984ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், மாணவராக இருந்தபோதே தம் தொழிலைத் தொடங்கினார்; வாடிக்கையாளர் கேட்கும் உறுப்புகளைப் பூட்டி நேரே அவருக்கே அனுப்பினார். அந்நிறுவனம் பின்னர், 1990களில், நம் பினாங்கு மாநிலத்திலும் தொழிற்சாலை அமைத்தது. இன்று டெல், லெனோவோ போன்ற நிறுவனங்கள் தங்கள் இணையக் கடைகளில் சில மாதிரிகளுக்கு இவ்வாறு தேர்ந்தெடுக்கும் வசதி தருகின்றன. தைவானின் கிளவோ போன்ற நிறுவனங்கள் செய்யும் வெற்றுச் சட்டகத்தை வாங்கி, அதில் வேண்டிய உறுப்புகளைப் பூட்டித் தங்கள் பெயரில் விற்கும் சிறு நிறுவனங்களும் பல உள்ளன.

இம்முறையில் ஒரு நன்மையும் ஓர் ஆபத்தும் சேர்ந்தே இருக்கின்றன. வேண்டாததை விடலாம் என்பது நன்மை. விற்பவர் தரும் பட்டியலில் ஒவ்வொரு வரியின் அருகிலும் "கூடுதல் 90 வெள்ளி", "கூடுதல் 150 வெள்ளி" என்று சிறு சிறு தொகைகளாக எழுதியிருப்பதால், ஒவ்வொன்றும் அற்பமாகத் தோன்றி, கடைசியில் கூட்டிப் பார்க்கும்போது ஓராயிரம் ஏறியிருக்கும் என்பது ஆபத்து. மளிகைக் கடைப் பற்று வழியில் நாம் இதை நன்றாகவே அறிந்திருக்கிறோம்.

பட்டியலைக் கையில் எடுத்ததும் ஒவ்வொரு வரியிலும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இதைப் பின்னர் மாற்ற முடியுமா, முடியாதா? பால்மரம் நடும்போது எந்த இனத்து ஒட்டுக்கன்று என்பதை ஒரே ஒரு முறைதான் முடிவு செய்கிறோம். ஆர்.ஆர்.ஐ.எம். 600 நட்டால் அதன் பலனும் குறையும் மறுநடவு வரைக்கும் அதனோடுதான். ஆனால், மங்கையும், கம்பியையும், பால் வடியும் தகரத்தையும் எந்த நாளும் மாற்றிக்கொள்ளலாம். மடிக்கணினியிலும் அவ்வாறே சில உறுப்புகள் தாய்ப்பலகையில் பற்ற வைக்கப்பட்டு, அதன் ஆயுள் முழுவதும் அப்படியே இருக்கின்றன. வேறு சில, திருகைக் கழற்றினால் மாற்றக் கூடியவை. இருக்கும் பணத்தை முதலில் மாற்ற முடியாதவற்றில் போட வேண்டும். மாற்றக் கூடியவை காத்திருக்கலாம்.

மாற்ற முடியாதவற்றுள் முதலாவது செயலி. கணினியின் மூளை என்று சொல்லப்படுவது இதுவே. அண்மைக் கால மடிக்கணினிகளில் இது பெரும்பாலும் பற்ற வைக்கப்பட்டே வருகிறது. (செயலிகள் எங்கோ தொலைதேசத்தில் மட்டுமே உருவாகின்றன என்று எண்ண வேண்டாம். இன்டெல் நிறுவனம் 1972ஆம் ஆண்டிலேயே பினாங்கில் தொழிற்சாலை திறந்தது.) கட்டுரை எழுதுதல், கணக்கேடு, இணைய வகுப்பு ஆகியவற்றுக்கு இன்டெல் ஐ5 அல்லது ஏ.எம்.டி. ரைசன் 5 வகை தாராளமாகப் போதும். ஐ7, ரைசன் 7 என்று ஏறுவதற்குக் கேட்கும் கூடுதல் பணத்தை வேறிடத்தில் செலவிடுவதே மேல் என்பது நம் கருத்து. செயலிப் பெயரின் இறுதியில் வரும் எழுத்தையும் கவனிக்க வேண்டும். "யூ" என்றிருந்தால் குறைந்த மின்சாரத்தில் ஓடுவது, சூடும் குறைவு. "எச்" என்றிருந்தால் வேகம் மிகுந்தது, ஆனால் மின்கலத்தை விரைவில் தீர்த்துவிடும்.

பெரிய எண்ணைக் கண்டு புதியது என்று நம்பிவிடவும் கூடாது. ரைசன் 5 7520யூ என்னும் செயலி இதற்கு நல்ல சான்று. 7,000 வரிசை எண்ணைத் தாங்கியிருப்பினும், அதன் உள்ளமைப்பு 2019ஆம் ஆண்டில் வெளிவந்த தலைமுறையைச் சேர்ந்தது. விலை குறைவென்று தெரிந்தே வாங்கினால் குற்றமில்லை. புதியதென்று எண்ணி அதிக விலை கொடுப்பதுதான் நட்டம்.

அடுத்தது ரேம் எனப்படும் நினைவகம். நம்மவர் பெரிதும் தடுமாறும் இடம் இதுவாகையால் சற்று விரிவாகவே சொல்வோம். ஒரே நேரத்தில் எத்தனை வேலைகளைக் கணினி மேசை மீது பரப்பி வைக்க முடியும் என்பதை ரேம் முடிவு செய்கிறது. விண்டோஸ் 11 இயங்குவதற்கு 4 ஜி.பி. இருந்தால் போதும் என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் குறைந்த அளவு விதித்துள்ளது. அது வண்டி நகர்வதற்குப் போதுமேயன்றி, பாரம் ஏற்றிச் செல்வதற்குப் போதாது. இணைய வகுப்பு ஒரு பக்கம், பத்துப் பக்கங்கள் திறந்த உலாவி ஒரு பக்கம், கட்டுரை ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டால் 8 ஜி.பி.யும் மூச்சுத் திணறத் தொடங்கும். மூன்று நான்கு ஆண்டு உழைக்க வேண்டிய பொருளுக்கு 16 ஜி.பி. என்பதே பொருத்தமான அளவு.

ஆயினும், அந்த 16 ஜி.பி.யை உத்தரவு கொடுக்கும்போதே வாங்க வேண்டுமா என்பதற்கு ஒரே விடை இல்லை. ரேம் பற்ற வைக்கப்பட்ட மாதிரியாயின் வேறு வழியே கிடையாது; அப்போதே 16 வாங்கிவிட வேண்டும். விவரப் பட்டியலில் "எல்.பி.டி.டி.ஆர்." என்று தொடங்கும் பெயரைக் கண்டால் பெரும்பாலும் அது பற்ற வைத்த வகை. ஆப்பிள் நிறுவனத்தின் இன்றைய மடிக்கணினிகளில் ரேமை மாற்றவே இயலாது. மாறாக, செருகும் இடம் உள்ள மாதிரியாயின், விற்பவர் கேட்கும் கூடுதல் விலையையும் வெளிக்கடையில் அதே ரேம் விற்கும் விலையையும் அன்றைய நிலவரப்படி ஒப்பிட வேண்டும். முன்னெல்லாம் வெளிக்கடையே மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுக் கணினி நிலையங்களின் தேவை பெருகி, நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் கடுமையாக உயர்ந்தபின் அப்படிச் சொல்வதற்கில்லை. எனவே இரண்டு விலைகளையும் கேட்காமல் முடிவு செய்யலாகாது.

இங்கே இன்னொரு நுணுக்கமும் உண்டு. இரண்டு செருகிடம் உள்ள கணினியில் 8 ஜி.பி. என்பதை 4 ஜி.பி.யாக இரண்டு துண்டு போட்டுத் தருவதும் உண்டு, 8 ஜி.பி.யாக ஒரே துண்டு போட்டு, ஓரிடத்தைக் காலியாக விடுவதும் உண்டு. முதல் வகையை வாங்கினால், பிற்பாடு 16 ஆக்கும்போது இரண்டு துண்டுகளையும் கழற்றிவிட வேண்டி வரும். இரண்டாம் வகையாயின், காலி இடத்தில் இன்னொரு 8 செருகினால் வேலை முடிந்தது. ஆதலால் "எத்தனை ஜி.பி.?" என்று மட்டும் கேட்காமல், "எத்தனை துண்டு, எத்தனை இடம் காலி?" என்றும் கேட்க வேண்டும். நாமே பின்புற மூடியைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடுமா என்பதையும் அப்போதே கேட்டு, விடையை எழுத்து வடிவில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

சேமிப்பகத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. எஸ்.எஸ்.டி. வகையாக இருக்க வேண்டும் என்பது ஒன்றே முக்கியம். பழைய சுழல்தட்டு வகையும், மலிவுக் கணினிகளில் பற்ற வைத்து வரும் இ.எம்.எம்.சி. வகையும் வேண்டாம். 512 ஜி.பி. ஒரு மாணவருக்குப் போதும். பணம் இறுக்கமாக இருந்தால் 256இல் தொடங்கலாம். பெரும்பாலான மாதிரிகளில் இதைப் பின்னர் மாற்ற முடியும்.

திரை அப்படியன்று. பிள்ளையின் கண் நாள்தோறும் பல மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருக்கும். அதை மாற்றுவதும் எளிதன்று. விலை குறைந்த சில மாதிரிகளில் இன்னும் 1366க்கு 768 புள்ளிகள் கொண்ட திரை வருகிறது. 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையில் ஏறத்தாழ இரு மடங்கு புள்ளிகள் உள்ளன. எழுத்துகள் தெளிவாகத் தெரியும். இரண்டு பக்கங்களை அருகருகே வைத்தும் படிக்கலாம். "ஐ.பி.எஸ்." என்னும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் அதில் நிறம் மங்காது. அதற்கு மேல் 4கே என்றும், தொடுதிரை என்றும் போவது பெரும்பாலோர்க்குத் தேவையில்லாத ஆடம்பரம். படம் வரையும் கலைப் பிரிவில் சேர்ந்த பிள்ளையாயின், நிறத்தைச் சரியாகக் காட்டும் திரைக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது நியாயமே.

இனி, பட்டியலில் அதிகப் பணத்தை விழுங்கும் உறுப்பான தனி வரைகலை அட்டையைப் பார்ப்போம். என்விடியா ஆர்.டி.எக்ஸ். என்று இதற்குப் பளபளப்பான பெயர் ஒட்டியிருக்கும். இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். ஒருவர் பாலிடெக்னிக்கில் கணக்கியல் டிப்ளோமா படிக்கும் மகள். மற்றவர் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படிக்கும் மகன். மகளின் வேலை கணக்கேடுகளோடும் கட்டுரைகளோடும் முடிந்துவிடுகிறது. அவருக்குத் தனி வரைகலை அட்டை ஒரு சல்லிக்கும் பயன்படாது. செயலிக்குள்ளேயே இருக்கும் வரைகலைப் பகுதி போதுமானது. மகனோ முப்பரிமாண இயந்திரப் படங்களை வரைந்து சுழற்றிப் பார்க்க வேண்டியவர். சாலிட்வொர்க்ஸ் போன்ற மென்பொருள்களை அவர் பயன்படுத்துவாராயின், அவருக்கு அந்த அட்டை வேலைக் கருவி. அதோடு 16 ஜி.பி. ரேமும் கட்டாயம் வேண்டும்.

ஆனால் மகனுக்கும், "பொறியியல்தானே, உயர்ந்ததையே வாங்குவோம்" என்று பாயக் கூடாது. முதல் பருவத்தில் என்னென்ன மென்பொருள்கள் தேவை, கல்லூரிக் கணினிக் கூடத்தை மாணவர்கள் பயன்படுத்த முடியுமா என்று துறை அலுவலகத்திலோ மூத்த மாணவர்களிடமோ கேட்டறிந்த பின் முடிவு செய்யலாம். வரைகலை அட்டை உள்ள கணினி எடை மிகுந்தது, அதன் மின்னூட்டியும் பெரியது, மின்கலம் விரைவில் இறங்கும், விசிறி இரையும். பேருந்தில் ஏறி இறங்கி நாள்தோறும் தோளில் சுமப்பவர் பிள்ளைதான். இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்லிவிடலாம். இந்த அட்டையைப் பிள்ளைகள் வற்புறுத்திக் கேட்பதற்குப் பல வேளைகளில் காரணம் பாடம் அன்று, விளையாட்டு. விளையாட்டு தவறென்று நாம் சொல்லவில்லை. எதற்காக வாங்குகிறோம் என்பது பணம் கொடுக்கும் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

2024ஆம் ஆண்டு முதல் "செயற்கை நுண்ணறிவுக் கணினி" என்னும் ஒட்டு வில்லை பல மாதிரிகளில் காணப்படுகிறது. மாணவர்கள் பயன்படுத்தும் அத்தகைய சேவைகள் பெரும்பாலும் இணையத்தின் மறுமுனையில் உள்ள பெரிய கணினிகளில் நடப்பவை. ஆகவே அந்த வில்லைக்கென்று தனியே பணம் கொடுக்க வேண்டியதில்லை.

சிறு உறுப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். விசைப்பலகைக்கு அடியில் ஒளிரும் விளக்கு ஆடம்பரம்போல் தோன்றினாலும், ஒரே அறையில் தம்பி தங்கையர் உறங்கும் வீட்டில் அது உண்மையிலேயே உதவும். பிற்பாடு சேர்க்கவும் முடியாது. விலை சிறிதாயின் சேர்த்துக்கொள்ளலாம். சிம் அட்டை செருகும் வசதி வேண்டாம். கைப்பேசியின் இணையத்தையே கணினிக்குப் பகிர்ந்துகொள்ளலாம். குறுந்தட்டு ஓட்டி, கைரேகைப் பூட்டு, நிறுவனப் பெயர் அச்சிட்ட பை, கம்பியில்லாச் சுட்டி ஆகியவற்றை விட்டுவிடலாம். பையும் சுட்டியும் பட்டணத்துக் கடைகளில் மலிவாகவே கிடைக்கும். பெரிய மின்கலம் என்னும் வரி இருந்தால் அதைத் தாண்டிப் போகாமல் நின்று பார்க்க வேண்டும். விரிவுரைக் கூடத்தில் எல்லா இருக்கைக்கும் மின்செருகி இருப்பதில்லை.

மென்பொருள் வரிகளில் பணத்தை மிச்சப்படுத்த நல்ல இடமிருக்கிறது. விண்டோஸில் "ஹோம்" வகை போதும். "புரோ" வகைக்குக் கூடுதல் தர வேண்டாம். விண்டோஸுக்குள்ளேயே நச்சுநிரல் தடுப்பு இருப்பதால், தனியே ஆண்டுச் சந்தா கட்டும் தடுப்பு மென்பொருள் தேவையில்லை. கட்டுரையும் கணக்கேடும் எழுதும் ஆஃபிஸ் மென்பொருளைக் கணினியோடு சேர்த்து வாங்குமுன், கல்விக்கூடம் அதனை இலவசமாகத் தருகிறதா என்று கேட்க வேண்டும். பள்ளி மாணவர்களுக்குக் கல்வி அமைச்சு 2020ஆம் ஆண்டு தொடங்கிய டெலிமா தளத்தின் வழியாகவே மைக்ரோசாஃப்ட், கூகுள் சேவைகள் கிடைக்கின்றன. எதுவும் கிடைக்காவிடினும், லிப்ரே ஆஃபிஸ் என்னும் இலவச மென்பொருள் உண்டு. தமிழிலேயே அதன் பட்டியல்களை அமைத்துக்கொள்ளவும் முடியும்.

பழைய கணினியை மலிவாக வாங்க நினைப்போர்க்கும் ஒரு சொல். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. விண்டோஸ் 11ஐ ஏற்காத பழங்கணினி, விலை எவ்வளவு குறைவாயினும், பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்காத நிலைக்குப் போய்விடும்.

உத்தரவாதம் பட்டியலின் கடைசியில் இருப்பதால் பலர் களைத்துப்போய் அதைப் படிப்பதில்லை. தோட்டத்தில் வாழ்வோர்க்கு அதுவே முதல் வரியாக இருக்கத்தக்கது. ஓராண்டை மூன்றாண்டாக நீட்டிக்கும் தொகையை மட்டும் பார்க்காமல், பழுது ஏற்பட்டால் கணினியை யார் எங்கே கொண்டு செல்வது என்பதைப் பார்க்க வேண்டும். சேவை நிலையத்துக்கு நாமே கொண்டு செல்லும் வகையாயின், பேருந்துச் செலவும், ஒரு நாள் வேலையிழப்பும், திரும்பப் போய் எடுத்துவர மற்றொரு நாள் வேலையிழப்பும் உண்டு. வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் வகையாயின், நம் தோட்ட முகவரிக்கும் வருவார்களா, பட்டண எல்லையோடு நின்றுவிடுவார்களா என்று கேட்டு உறுதி செய்ய வேண்டும். பிள்ளை விடுதியில் தங்கிப் படிப்பவராயின், விடுதி முகவரிக்கு வருவார்களா என்பதே கேள்வி. கீழே விழுதல், தண்ணீர் கொட்டுதல் ஆகியவை சாதாரண உத்தரவாதத்தில் அடங்கா. அவற்றுக்குத் தனிக் காப்பு உண்டு. நான்காண்டு ஓட வேண்டிய கணினிக்கு, ஐ7 செயலிக்குக் கொடுக்க நினைத்த பணத்தை இந்த வரியில் போடுவதே அறிவுடைமை.

பட்டியலில் இடம்பெறாத ஒரு பொருளுக்கும் சில வெள்ளிகளை ஒதுக்க வேண்டும். நம் நாடு இடி மின்னல் மிகுந்த நாடு. மாலை மழையோடு வரும் மின்னலில் மின்கம்பி வழியாக அதிர்ச்சி பாய்ந்தால் தாய்ப்பலகையே கருகிவிடும். மின்பாய்ச்சலைத் தடுக்கும் செருகி ஒன்று வாங்கிப் பயன்படுத்துவதோடு, இடி முழங்கும்போது மின்னூட்டியைச் சுவரிலிருந்து கழற்றிவிடவும் பழக வேண்டும். மின்கலத்தில் ஓடக்கூடியது என்பதுதானே மடிக்கணினியின் வசதி!

தவணை முறையில் வாங்குவோர் மாதத் தொகையைப் பார்த்து மகிழாமல், எல்லாத் தவணைகளையும் கூட்டி ரொக்க விலையோடு ஒப்பிட வேண்டும். "மாதம் 160 வெள்ளிதான்" என்று சொல்லி 24 மாதம் வாங்கினால் அது 3,840 வெள்ளி. ரொக்க விலை 3,200 என்றால், நாம் வட்டியாகக் கொடுப்பது 640 வெள்ளி. 16 ஜி.பி. ரேமுக்கும் நீண்ட உத்தரவாதத்துக்கும் உதவியிருக்க வேண்டிய பணம் அது.

உத்தரவு கொடுக்கும்போது, தேர்ந்தெடுத்த உறுப்புகள் அனைத்தும் எழுதப்பட்ட சீட்டை அச்சிட்டோ படம் எடுத்தோ வைத்துக்கொள்ள வேண்டும். கணினி வந்து சேர்ந்ததும் பெட்டியைப் பிரிப்பதைக் கைப்பேசியில் படம் பிடிப்பது நல்லது. பின்னர், விண்டோஸ் அமைப்புகளில் "இக்கணினியைப் பற்றி" என்னும் பகுதியைத் திறந்தால் செயலியின் பெயரும் ரேமின் அளவும் தெரியும். அவற்றைச் சீட்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். திரை முழுவதையும் வெள்ளையாகவும் கறுப்பாகவும் மாற்றி, மாறாமல் நிற்கும் புள்ளி ஏதும் உண்டா என்று பார்க்க வேண்டும். எல்லா விசைகளையும் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். இவை அனைத்தையும் முதல் வாரத்திலேயே செய்துவிட வேண்டும். திருப்பித் தரும் காலக்கெடு பல கடைகளில் மிகக் குறுகியது.

16 ஜி.பி.க்குப் பணம் வாங்கிக்கொண்டு 8 ஜி.பி. அனுப்பியிருந்தால், முதலில் விற்றவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அவர் செவிசாய்க்காவிடின், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தை நாடலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. ரசீது, உறுப்புகள் எழுதிய சீட்டு, விற்றவருக்கு அனுப்பிய கடிதத்தின் நகல் ஆகிய மூன்றையும் மனுவோடு சேர்த்துக் கொண்டு செல்ல வேண்டும்.